குழந்தைக்கு ஆட்டிசம் என்று சொன்ன பிறகு: முதல் வருடத்தில் எதை, எந்த வரிசையில் செய்வது

எங்கள் மகனுக்கு இரண்டே கால் வயதிலும் பேச்சு வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஃபில்டர் குழாயின் மேல் என் கையை வைப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தம் கேட்டால் ஓடி வருவான். "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், இவங்க அப்பனே நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்று மாமியார் சொன்னார், எங்களுக்கும் அதை நம்பத்தான் ஆசை. எட்டு மாதம் போய்விட்டது.

அதற்கப்புறம் ஒன்றரை வருடம் எந்த ஆஸ்பத்திரி, எந்த அலுவலகம், எந்தப் படிவம் என்று தெரியாமல் ஒரே வேலைக்கு மூன்று முறை அலைந்தோம். நாங்கள் திருச்சியில் இருக்கிறோம், கீழே நான் சொல்லும் தெரபி கட்டணம் எங்கள் அனுபவத்தில் உள்ளது, சென்னையில் கூடுதலாக இருக்கும். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது என்று உட்கார்ந்திருந்ததுதான் எங்களுக்கு அதிக மாதங்களைத் தின்றது. தெரபியும் பேப்பர் வேலையும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. முதலில் காது

பேச்சு வராத குழந்தைக்கு எந்த டாக்டரும் முதலில் கேட்பது "காது டெஸ்ட் எடுத்தீங்களா?" என்பதுதான். அதை எடுக்காமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஒரு அப்பாயின்ட்மென்ட் வீண். பெரா என்ற சோதனை அது. குழந்தை தூங்கும்போது தலையில் சின்னச் சின்ன வயர்களை ஒட்டி, சத்தம் கொடுத்து, மூளை வரை அது போகிறதா என்று பார்ப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள், அங்கே செலவில்லாமல் முடியும். வெளியில் என்றால் ஆயிரங்களில் போகும்.

குழந்தை தூங்க வேண்டும், இதுதான் இதில் சிக்கலே. முதல் தடவை அவனை இரவு பன்னிரண்டு மணி வரை விழிக்க வைத்து, காலை நாலரைக்கு எழுப்பி, வேடிக்கை காட்டிக்கொண்டே கிளம்பினோம். ஆட்டோவில் பாலக்கரை தாண்டுவதற்குள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ குலுங்கி நின்றதும் எழுந்தவன், தூங்குவதற்கான சிரப் கொடுத்தும் மறுபடி கண்ணை மூடவே இல்லை. அடுத்த தேதி மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது. நீங்கள் இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் வண்டி பார்த்துக்கொள்ள, இன்னொருவர் வழியெல்லாம் குழந்தையைப் பேச்சுக் கொடுத்து விழிக்க வையுங்கள். சிரப்பை அவர்கள் சொல்லும் அளவில், அவர்கள் முன்னால் மட்டும் கொடுங்கள், வீட்டிலிருந்து கொடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

2. மதிப்பீடு: யாரிடம், என்னென்ன எடுத்துக்கொண்டு

குழந்தை வளர்ச்சி சிறப்பு மருத்துவர், குழந்தை நரம்பியல் மருத்துவர், மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், இவர்களில் யாராவது ஒருவரிடம் தொடங்கலாம். பணம் செலவில்லாத வழி மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம், டிஇஐசி என்று சொல்வார்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வளாகத்திலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இருக்கும். டாக்டர், சைக்காலஜிஸ்ட், தெரபிஸ்ட் எல்லாரும் ஒரே இடத்தில் என்பதுதான் அந்த மையத்தின் அமைப்பு. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் சிறு குழந்தைகளுக்கான தனிப் பிரிவு உண்டு.

எடுத்துப் போக வேண்டியவை: பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை, பெரா ரிப்போர்ட், பழைய மருந்துச் சீட்டுகள், அப்புறம் முக்கியமாக வீடியோ. குழந்தை வீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படி டாக்டர் அறையில் இருக்காது. கூப்பிட்டால் திரும்பாதது, தனியாக விளையாடுவது, கையை உதறுவது, சாப்பிடும்போது அழுவது, இப்படி ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள் இருக்கும்படி நாலைந்து வீடியோ போனில் வைத்திருங்கள். எங்கள் டாக்டர் பத்து நிமிடத்தில் ஒரு முடிவுக்கு வந்ததற்குக் காரணம் நாங்கள் காட்டிய வீடியோதான்.

இன்னொன்று, குழந்தை எந்த மாதத்தில் உட்கார்ந்தது, நடந்தது, முதல் வார்த்தை எது, வந்த வார்த்தை ஏதாவது மறைந்ததா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கேட்கும்போது நினைவுக்கு வராது.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேலைக்கு நம் நாட்டில் பயன்படுத்துவது ஐசா என்ற அளவுகோல். நாற்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண், பாதிப்பு கூடக் கூட மதிப்பெண்ணும் கூடும், 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. கேள்வி கேட்கும்போது "கொஞ்சம் கொஞ்சம் செய்வான்" என்று பெருமைக்காகக் கூட்டிச் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். அதனால் மதிப்பெண் குறைந்து, பின்னால் சான்றிதழில் சிக்கலானது. தனியாக, யாரும் உதவாமல், பெரும்பாலான நாட்களில் என்ன செய்கிறதோ அதைச் சொல்லுங்கள்.

3. ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் தெரபியைத் தொடங்குங்கள்

முழு மதிப்பீடு முடிய ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். பேச்சு தாமதம் என்ற ஒரு காரணமே தெரபி தொடங்கப் போதும்.

பொதுவாக மூன்று இருக்கும். ஆக்குபேஷனல் தெரபி, அதாவது ஓ.டி., சத்தம், தொடுதல், அசைவு இதையெல்லாம் உடம்பு தாங்கிக்கொள்ளவும், கையால் வேலை செய்யவும் பழக்குவது. ஸ்பீச் தெரபி என்பது வார்த்தை சொல்ல வைப்பது மட்டும் கிடையாது, கைகாட்டிக் கேட்பது, படத்தைக் காட்டிக் கேட்பது எல்லாம் அதில்தான் வரும். மூன்றாவது சிறப்பாசிரியர், கற்பிப்பதற்கு. எடுத்தவுடனே மூன்றையும் வாரம் ஐந்து நாளும் போட்டுத் திணறாதீர்கள். எந்த இரண்டு இப்போது அவசரம் என்று டாக்டரிடமே கேளுங்கள்.

எங்கள் ஊரில் 45 நிமிட அமர்வுக்கு நாங்கள் 400 முதல் 600 ரூபாய் வரை கொடுத்தோம். வாரம் நான்கு என்றால் மாதம் சுமார் ஏழாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை ஆகும், போக்குவரத்து தனி. இதை இரண்டு மூன்று வருடம் கொடுக்க முடியுமா என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள், முதல் ஆறு மாதத்தில் நகையை அடகு வைத்துவிட்டு ஏழாவது மாதம் நிறுத்துவதற்குப் பதில் வாரம் இரண்டு அமர்வு தொடர்ந்து போவது மேல். டிஇஐசியில் இலவசம். அப்புறம் மாற்றுத்திறனாளிகளுக்காகத் தமிழக அரசு நடத்தும் விழுதுகள் மையங்கள் ஊர் ஊராக வந்துகொண்டிருக்கின்றன, அங்கும் தெரபி இலவசம். உங்கள் பக்கம் இருக்கிறதா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இவற்றைக் கேட்டே ஆக வேண்டும்:

தெரபிஸ்ட் யார், என்ன படித்திருக்கிறார்? ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்பாசிரியர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மூவருக்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்கும், சிஆர்ஆர் எண் என்பார்கள். தயங்காமல் கேளுங்கள். மூன்று மாத ஆன்லைன் கோர்ஸ் முடித்தவர்களை வைத்து நடத்தும் இடங்கள் நிறைய.

பெற்றோர் உள்ளே உட்காரலாமா? நாங்கள் முதலில் சேர்த்த இடத்தில் கதவை மூடிக்கொண்டார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் நாலு மாதம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், அவன் அழுகிற சத்தம் மட்டும் கேட்கும். உங்களை உள்ளே விடாத இடம் வேண்டாம். குறைந்தது கண்ணாடி வழியாகவோ கேமராவிலோ பார்க்க முடிய வேண்டும், அமர்வு முடிந்ததும் ஐந்து நிமிடம் வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லித் தர வேண்டும்.

மூன்று மாதத்துக்கு என்ன இலக்கு என்று எழுதித் தருவார்களா? "பேசிடுவான்" என்பது இலக்கு ஆகாது. "வேண்டிய பொருளை விரலால் சுட்டிக் காட்டுவான்", "இரண்டு நிமிடம் உட்கார்ந்து விளையாடுவான்", இப்படி இருக்க வேண்டும்.

ஆறு மாதப் பணத்தை மொத்தமாக முன்கூட்டிக் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள், குழந்தைக்கு ஒத்து வராவிட்டால் திரும்ப வாங்குவது கஷ்டம்.

"முழுசாகக் குணமாக்கிவிடுவோம்" என்று சொல்பவர்கள் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். இதைக் கோபமாகவே சொல்கிறேன். ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். 2022 டிசம்பரிலேயே தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம், ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது, அதைச் செய்வதும் விளம்பரப்படுத்துவதும் தொழில் ஒழுக்க மீறல் என்று சொல்லிவிட்டது. உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்று மருந்து ஏற்றுவதும் அப்படித்தான், அதில் உயிருக்கே ஆபத்து உண்டு. ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து என்று ஒன்றும் கிடையாது. தூக்கமின்மை, அதிகக் கோபம், வலிப்பு இவை கூடவே இருந்தால் அவற்றுக்கு மருந்து தருவார்கள், அது வேறு.

4. வீட்டில் செய்வதுதான் பெரும்பங்கு

வாரம் நான்கு அமர்வு என்பது மூன்று மணி நேரம். மற்ற நேரமெல்லாம் குழந்தை உங்களோடுதான். இதற்காகத் தனி அறையோ விலை உயர்ந்த பொம்மையோ தேவையில்லை.

எங்களுக்கு எது வேலை செய்தது என்று ஒன்றைச் சொல்கிறேன். ஃபில்டர் குழாய்க்கு மேலே, அவன் கண் உயரத்தில், அவனுடைய பச்சை டம்ளரைப் போட்டோ எடுத்து லேமினேட் செய்து வெல்க்ரோவில் ஒட்டினோம். என் கையை இழுத்து வந்தால் நான் குழாயைத் திறக்காமல் அவன் கையைப் பிடித்து அந்தப் படத்தைப் பிய்த்து என் உள்ளங்கையில் வைக்க வைப்பேன், "தண்ணி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி உடனே ஊற்றிக் கொடுப்பேன். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை. அழுதான், தரையில் உருண்டான், மாமனாருக்குப் பொறுக்கவில்லை. பத்தொன்பதாவது நாள் நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது படத்தைத் தானே பிய்த்து எடுத்து வந்து என் மடியில் வைத்தான். அதற்கப்புறம் இட்லி, ஊஞ்சல், வெளியே போவது என்று படங்கள் கூடின. படத்தைக் கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்று சொல்வார்கள், அப்படி ஆகாது. அவனுக்குப் படத்துக்கு ஏழு மாதம் கழித்து "தண்ணி" வந்தது.

குளிக்கும்போது சொம்பைத் தூக்கிப் பிடித்து "ஒன்னு... ரெண்டு..." என்று நிறுத்திக் காத்திருங்கள், ஒரு பார்வையோ சத்தமோ வந்ததும் ஊற்றுங்கள். காத்திருப்பது ஐந்து விநாடி, மனதுக்குள் எண்ணுங்கள். நாம் அவசரப்பட்டு எல்லாவற்றையும் நாமே செய்துவிடுகிறோம். போன், டிவியைக் குறையுங்கள், ஆனால் போன் பார்த்ததால்தான் ஆட்டிசம் வந்தது என்று யாராவது உங்களைக் குற்றம் சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

பாதுகாப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் குழந்தைகள் சொல்லாமல் வெளியே நடந்துவிடுவார்கள், தண்ணீர் என்றால் பலருக்கு ஈர்ப்பு. வாசல் கதவின் மேல்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள், கிணறு, தொட்டி, சம்ப் எல்லாவற்றுக்கும் மூடி. சட்டையின் உள்பக்கம் உங்கள் போன் எண்ணைத் தைத்து வையுங்கள்.

5. யூடிஐடி அட்டை

மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை இது, மாற்றுத்திறனாளி சான்றிதழும் இதே விண்ணப்பத்தில்தான். அரசிடமிருந்து எது வேண்டுமானாலும் இதுதான் திறவுகோல். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழில் பாதிப்பின் அளவு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள்.

விண்ணப்பம் ஸ்வாவ்லம்பன் என்ற மத்திய அரசு இணையதளத்தில், கட்டணம் இல்லை. நீங்களே செய்யலாம், முடியாவிட்டால் இ-சேவை மையம். அதில் மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்து, பதிவு எண் வந்ததும், சொல்லும் நாளில் குழந்தையோடு போக வேண்டும். சைக்காலஜிஸ்ட் மதிப்பீடு ஒரு நாள், டாக்டர்கள் கையெழுத்து இன்னொரு நாள் என்று இழுக்கலாம். எங்களுக்கு விண்ணப்பித்ததிலிருந்து அட்டை கைக்கு வர நாலரை மாதம்.

தேவையானவை: குழந்தையின் ஆதார், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் அளவு போட்டோ, முகவரிச் சான்று, இதுவரையான ரிப்போர்ட்டுகள் எல்லாம் இரண்டு நகல்.

நாங்கள் மாட்டிக்கொண்ட இடங்கள்: பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இல்லை. ஆஸ்பத்திரியில் பிறந்ததும் பெயர் வைக்காமல் பதிவு செய்வார்கள், நாம் மறந்துவிடுவோம். பதிவு செய்த தேதியிலிருந்து 15 வருடத்துக்குள் பெயரைச் சேர்க்கலாம், முதல் வருடம் தாண்டினால் தாமதக் கட்டணம், மாநகராட்சியிலோ பேரூராட்சியிலோ போய் முதலில் அதை முடியுங்கள். அடுத்தது இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப் பெயர், சான்றிதழில் முன்னால் ஒற்றை எழுத்து, அட்டையில் மூன்றாவது விதம் என்று ஆகிவிட்டால் அப்புறம் வங்கி, பள்ளி, இன்ஷூரன்ஸ் எல்லா இடத்திலும் விளக்கம் சொல்ல வேண்டும். எல்லாவற்றிலும் பெயரை ஆதாரில் உள்ளபடி ஒரே மாதிரி ஆக்கிவிட்டு விண்ணப்பியுங்கள். ஐந்து வயதில் ஆதாருக்குக் கைரேகை புதுப்பிக்க வேண்டும், அதற்குக் காலையில் ஆதார் மையம் திறந்தவுடன் போங்கள்.

சிறு குழந்தைக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள். முடியும் தேதியைப் பார்த்து, அதற்கு மூன்று மாதம் முன்னால் காலண்டரில் குறித்து வையுங்கள்.

அரசு மருத்துவமனைக்குப் போகும் நாளில் ஒருவர் வரிசையில் நிற்க, இன்னொருவர் குழந்தையோடு வெளியே மரத்தடியில் இருங்கள். முறை வரும்போது போனில் கூப்பிட்டால் போதும். பிடித்த தீனி, ஒரு துண்டு, மாற்று டிரஸ், கூட்டச் சத்தம் தாங்காத குழந்தை என்றால் காதை மூடும் ஹெட்போன்.

6. பணம் எங்கெல்லாம் கிடைக்கும்

நிராமயா காப்பீடு. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்துவது, ஆட்டிசம் உட்பட நான்கு வகையினருக்கு. வருடம் ஒரு லட்சம் ரூபாய் வரை, முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கிடையாது, வயது வரம்பும் இல்லை. சேர்வதற்கான கட்டணம் சில நூறு ரூபாய்தான். தெரபிக்கும் இதில் பணம் திரும்பக் கிடைக்கும், அதற்குள் ஓர் உச்சவரம்பு உண்டு. பெரும்பாலும் உங்கள் மாவட்டத்தில் அறக்கட்டளையில் பதிவு செய்த தொண்டு நிறுவனம் வழியாகச் சேர்வார்கள். காப்பீட்டு வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, நீங்கள் பிப்ரவரியில் சேர்ந்தாலும் மார்ச்சில் முடிந்துவிடும், அதனால் ஏப்ரலிலேயே சேருங்கள். தெரபி தேவை என்று டாக்டர் எழுதிய சீட்டு, குழந்தை பெயர், தேதி, தெரபிஸ்ட்டின் பதிவு எண் உள்ள ரசீது, இவை இல்லாமல் பணம் வராது. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுக்கும் ரசீதை வாங்காதீர்கள். எங்களுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் அப்படித்தான் போனது.

மாதப் பராமரிப்பு உதவித்தொகை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் போன்ற பிரிவினருக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. உங்கள் குழந்தையின் சான்றிதழில் எழுதியிருக்கும் வகையையும் சதவீதத்தையும் வைத்து எந்தப் பிரிவில் வரும் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மனு கொடுத்தவுடனே வராது, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை போய் விசாரியுங்கள்.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணம் இல்லை. தினமும் தெரபிக்குப் போகும் வீட்டுக்கு இது சின்ன விஷயம் கிடையாது.

வருமான வரி கட்டுபவர்களுக்கு: மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவரின் வருமானத்தில் கழித்துக்கொள்ளும், 80டிடி என்று எல்லோரும் சொல்லும் கழிவு 75,000 ரூபாய், பாதிப்பு 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000. எவ்வளவு செலவழித்தீர்கள் என்று பார்ப்பதில்லை. ஆனால் பழைய வரி முறையில் இருந்தால் மட்டும்தான். ஆட்டிசத்துக்கு மருத்துவர் கையெழுத்திட்ட தனிப் படிவம் வேண்டும், ஆடிட்டரிடம் கேட்டு வெற்றுப் படிவத்தைச் சான்றிதழுக்குப் போகும் அன்றே கையோடு கொண்டுபோனால் ஒரு அலைச்சல் மிச்சம்.

7. பள்ளி

மூன்று வயதிலேயே தேட ஆரம்பியுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்பது சட்டம். தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கும் மாற்றுத்திறனாளிக் குழந்தை விண்ணப்பிக்கலாம். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள், சேர்க்கும் முன் அவர்களைப் போய்ப் பாருங்கள், அவர்கள் துணை இருந்தால் தலைமையாசிரியரிடம் பேசுவது எளிது.

மறைத்துச் சேர்க்காதீர்கள். நாங்கள் ஒரு பள்ளியில் மறைத்துச் சேர்த்தோம், இரண்டு மாதத்தில் கூப்பிட்டு டிசியைக் கையில் கொடுத்தார்கள், கட்டிய பணம் போனது, அவன் மறுபடி இரவில் விழிக்க ஆரம்பித்தான். சேர்க்கும் முன்பே சொல்லி, கேட்க வேண்டியது: வகுப்பில் எத்தனை பிள்ளைகள், இதற்கு முன் இப்படிக் குழந்தை படித்திருக்கிறதா, கூடவே ஆள் வைக்கச் சொல்வீர்களா, அந்தச் சம்பளம் யார் கொடுப்பது. இப்போது அவன் படிக்கும் பள்ளியில் கட்டடம் பழசு, விளையாட்டு மைதானம் கிடையாது, ஆனால் முதல் நாளே டீச்சர் "இவனுக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டார்.

பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், எழுத உதவியாளர், மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு. அதற்கும் செல்லுபடியாகும் சான்றிதழ் தேவை, ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளியில் பேசுங்கள்.

8. வீட்டு மனிதர்கள்

பாரம் முழுக்க அம்மாவின் தலையில் விழும், வேலையை விடுவதும் அம்மாதான். எங்கள் வீட்டில் நான் விட்டேன். உடனே விட்டுவிடாதீர்கள், முடிந்தால் மூன்று மாதம் விடுப்பு எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள், ஏனென்றால் அந்தச் சம்பளம்தான் தெரபி பணம். அப்பா வாரத்தில் இரண்டு அமர்வுக்காவது குழந்தையைக் கூட்டிப் போக வேண்டும், வண்டி ஓட்டிக் கொண்டுபோய் விடுவது கணக்கில் சேராது, உள்ளே உட்கார வேண்டும்.

மாமனார் மாமியாரிடம் விளக்கிப் பயனில்லாவிட்டால் ஒரு நாள் தெரபிக்குக் கூட்டிப் போங்கள். என் மாமியார் ஒரே ஒரு முறை வந்து பார்த்தார். தெரபிஸ்ட் பேரனை ஊஞ்சலில் வைத்து நிறுத்தி, அவன் கண்ணைப் பார்க்கும் வரை காத்திருந்து ஆட்டிவிட்டதைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே மாடியில் பழைய சேலையில் தூளி கட்டினார். அதன் பிறகு மாலை அரை மணி நேரம் அவருடைய பொறுப்பு.

மூத்த பிள்ளை இருந்தால் அதற்கென்று தினம் பதினைந்து நிமிடம், தம்பியைப் பற்றிப் பேசாத பதினைந்து நிமிடம். என் மகள் ஒரு நாள் "எனக்கும் ஆட்டிசம் வந்தா என்னைக் கூட்டிட்டுப் போவியாம்மா" என்று கேட்ட பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

கல்யாணம், காதுகுத்துக்குப் போகாமல் இருக்க வேண்டாம். மேளச் சத்தம் தாங்காது என்றால் முகூர்த்தத்துக்கு முன்பே போய்ப் பார்த்துவிட்டு, வாசல் பக்க நாற்காலியில் உட்கார்ந்து, முதல் பந்தியில் சாப்பிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் நீங்களும் டாக்டரைப் பாருங்கள். குழந்தையைக் கூட்டிப் போகும் அதே மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கும். தெரபி மையத்து பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் அம்மாவிடம் போன் நம்பர் வாங்குங்கள். எனக்கு நிராமயாவைப் பற்றிச் சொன்னதும் பள்ளியைக் காட்டியதும் அப்படிக் கிடைத்த ஒரு அக்காதான்.

9. ஒரு ஃபைல், ஒரு தேதி

எல்லாவற்றையும் ஒரே ஃபைலில், வருட வாரியாக வையுங்கள், போனில் ஸ்கேன் செய்தும் வையுங்கள். அசலை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இன்னும் தூரம் என்று தோன்றினாலும் 18 வயதைக் குறித்து வையுங்கள். அந்த வயது வந்ததும் சட்டப்படி நாம் பாதுகாவலர் இல்லாமல் போய்விடுவோம். தேவைப்பட்டால் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் மனு கொடுத்துச் சட்டப்பூர்வ பாதுகாவலர் ஆணை வாங்க வேண்டும். பெற்றோர் இருவருமே மனு செய்யலாம், அதற்கும் இதே ஃபைலைத்தான் கேட்பார்கள்.